மூன்று பாடம் எடுத்தவர் முழுநேர மாணவரா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்கள். மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பில் சேர்ந்திருக்கிறார். முதல் செமஸ்டருக்கு மூன்றே பாடங்கள்தாம் பதிவு செய்திருக்கிறார், வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு. காலை முதல் மாலை வரை கல்லூரியில் இருந்து படித்த பிள்ளைக்கு இது எப்படி முழுநேரப் படிப்பாகும் என்பது முதல் கேள்வி. கடினமாக இருக்கும் ஒரு பாடத்தை இப்போது விட்டுவிட்டு, இங்கே அரியர் எழுதுவதைப் போல அடுத்த முறை எழுதிக்கொள்ளலாமா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு ஆம், அவர் முழுநேர மாணவர்தாம். இரண்டாவதற்கு, முன்அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்க் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 5 மணி நேரமாக, ஆறு நாள் சுழற்சியில் 30 மணி நேரம் வகுப்பு நடக்கிறது. படிப்பின் பெரும்பகுதி வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் அமைந்த முறை இது. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்திற்கு 1 மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே குறைந்தது 2 மணி நேர உழைப்பும் சேர்ந்தது. ஒரு பாடம் வழக்கமாக 3 கிரெடிட். ஆகவே மூன்று பாடம் 9 கிரெடிட் ஆகிறது; வகுப்பில் 9 மணி நேரம், நூலகத்திலும் ஆய்வகத்திலும் அறையிலும் குறைந்தது 18 மணி நேரம், ஆக 27 மணி நேரம். முதுநிலைப் பாடங்களில் வாசிப்பும் புரோகிராமிங் அசைன்மென்டும் இதைவிட அதிகமாகவே நேரம் கேட்கும். இதற்கு மேல் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கவும் விதி இடம் கொடுக்கிறது. அதையும் கூட்டினால் 47 மணி நேரம். மூன்று நாள்தானே வகுப்பு என்று தம்பி சும்மா இருப்பதாக எண்ண வேண்டாம், ஆச்சி.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்க அரசின் விதி இளநிலைக்கு நேரடியாகவே ஓர் எண்ணைச் சொல்கிறது: ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். முதுநிலைக்கு அப்படி எண் எதையும் விதிக்காமல், அந்தந்தப் பல்கலைக்கழகம் முழுநேரம் என்று சான்று கொடுப்பதை ஏற்றுக்கொள்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 9 கிரெடிட் என்று வைத்திருக்கின்றன. சில இடங்களில் இது 8. ஆசிரியருக்கோ ஆய்வுக்கோ உதவியாளராகப் பணியமர்த்தப்பட்ட மாணவருக்கு 6 போதும் என்று வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. எல்லாப் பாடங்களையும் முடித்து ஆய்வேடு மட்டும் எழுதிக்கொண்டிருப்பவரை, ஒரே ஒரு கிரெடிட் பதிவு செய்திருந்தாலும், பல்கலைக்கழகம் முழுநேர மாணவர் என்று சான்றளிக்கலாம். எனவே வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளை 6 கிரெடிட்தானே எடுத்திருக்கிறான் என்று ஒப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது. தம்பியின் பல்கலைக்கழகமும் துறையும் வைத்திருக்கும் எண் எதுவோ அதுதான் அவருக்குரிய எண்.

அரியர் என்ற நினைப்பு எங்கே தவறாகப் போகிறது என்பதற்கு இனி வருகிறேன். நம்மிடம் சேர்க்கை என்பது ஒரே ஒரு முறை நடக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட ஒரு கல்லூரியில் முதலாண்டு சேர்ந்துவிட்டால், எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்பதைப் பாடத்திட்டமே தீர்மானித்துவிடும். ஒரு தாளில் தோற்றால் மறுபடி எழுதலாம். நான்கு தாள் பாக்கி இருந்தாலும் பிள்ளை அந்தக் கல்லூரியின் முழுநேர மாணவர்தாம். நாம் கவலைப்படுவதெல்லாம் 75 விழுக்காடு வருகைப் பதிவைப் பற்றித்தான். அமெரிக்காவில் சேர்க்கை கிடைப்பதோடு இந்த விஷயம் முடிவதில்லை. ஒவ்வொரு செமஸ்டரும் மாணவரே பாடங்களைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். அந்தச் செமஸ்டரில் பதிவாகி நிற்கும் கிரெடிட்டின் கூட்டுத்தொகைதான் அவர் முழுநேர மாணவரா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. செமஸ்டர் தொடங்கிய 30 நாளுக்குள் அந்தப் பதிவைப் பல்கலைக்கழகம் செவிஸ் என்னும் அரசின் கணினித் தொகுப்பில் ஏற்றிவிட வேண்டும். இடையில் எண்ணிக்கை குறைந்தாலும் அதையும் அரசுக்குத் தெரிவிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை.

இதனால் விளையும் ஒரு நிலைமை நம் பெற்றோருக்குப் பெரும்பாலும் வியப்பாக இருக்கும். ஒரு பாடத்தைக் கடைசி வரை படித்துத் தேர்வு எழுதித் தோற்றுப்போனால், பட்டத்துக்கு அந்தக் கிரெடிட் கிடைக்காது, சராசரி மதிப்பெண் இறங்கும், ஆனால் அந்தச் செமஸ்டருக்கு அவர் முழுநேர மாணவராக இருந்தார் என்பது மாறாது. தோற்றுவிடுவோமோ என்று பயந்து நடுவில் அந்தப் பாடத்தை விட்டுவிட்டால், மதிப்பெண் சராசரி தப்பும், முழுநேர நிலை போய்விடும். வகுப்புக்கே போகாமல் பெயரை மட்டும் விட்டுவைப்பதும் உதவாது. வராமலேயே தோற்றவர் என்று தனிக் குறியீடு போட்டு மதிப்பெண் பட்டியலில் காட்டும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. மதிப்பெண்ணும் கிரெடிட்டும் வேண்டாமென்று சும்மா உட்கார்ந்து கேட்கும் பாடமும் இந்த எண்ணிக்கையில் சேராது.

முதுநிலையில் 4 புள்ளி அளவில் சராசரி 3-க்குக் கீழே போகக் கூடாது என்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விதி. அதற்குப் பயந்துதான் பிள்ளைகள் பாடத்தை விடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. செமஸ்டர் நடுவில் வரும் தேர்வில் 100-க்கு 40 வாங்கிய ஒரு மாணவருக்கு, பல்கலைக்கழக இணையப்பக்கத்தில் அந்தப் பாடத்தின் பெயருக்கு நேரே ‘டிராப்’ என்ற பொத்தான் கண்ணெதிரே இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது யாரையும் கேட்காது. இரண்டு முறை அழுத்தினால் பாடம் போய்விடும், மேலே 9 என்று காட்டிய இடத்தில் 6 என்று வந்துவிடும். வகுப்பு நடந்த நாட்களைப் பொறுத்து கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வரும், அல்லது ஒன்றுமே வராது. ‘உன் விசா போய்விடும்’ என்று அந்தப் பக்கம் எச்சரிப்பதில்லை.

ஒரே வகுப்பில் படித்த இருவரை எனக்கு நினைவிருக்கிறது. இருவருமே முதல் செமஸ்டர், இருவருக்கும் அதே பாடத்தில் அதே திண்டாட்டம். ஒருவர் பாடத்தை விடுவதற்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துறை ஆலோசகரும் அந்தப் பாடத்தின் பேராசிரியரும், இவரிடம் இருக்கும் அடிப்படைக்கு இந்தப் பாடம் மேற்பட்ட நிலையில் உள்ளது, தவறான நிலையில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். 6 கிரெடிட்டுடன் அந்தச் செமஸ்டரைத் தொடர அனுமதி பதிவாயிற்று. அதன் பிறகே அவர் பாடத்தை விட்டார். படிப்பு ஒரு சேதமும் இல்லாமல் நடந்தது. மற்றவர் பாடத்தை விட்டுவிட்டு, எங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போன பிறகு வந்தார். அதே காரணம், அதே பேராசிரியர், அதே கடிதம் அவருக்கும் கிடைத்திருக்கும். ஆனால் அனுமதிக்கு முன்தேதி போடும் அதிகாரம் எவருக்கும் கிடையாது. அவருடைய செவிஸ் பதிவு ரத்தாகி, மாணவர் நிலை போயிற்று. குடியேற்றத் துறைக்கு விண்ணப்பித்து நிலையை மீட்டுக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. விதி மீறி 5 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலம் முழுவதும் படிக்கலாம், வேலை பார்க்க முடியாது. வளாக வேலையை நம்பி வாடகை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அனுமதி தரும் அதிகாரியை அங்கே டி.எஸ்.ஓ. என்பார்கள். துறை ஆலோசகர் வேறு, டி.எஸ்.ஓ. வேறு. ‘அட்வைசர் சரி என்று சொல்லிவிட்டார்’ என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் துறை ஆலோசகரைத்தான். அவர் சொன்னது பாடத்திட்டத்துக்குச் சரி, விசாவுக்கு அது போதாது.

டி.எஸ்.ஓ.வும் நினைத்தபடி அனுமதி தர முடியாது. படிப்பு தொடர்பான காரணங்களாக விதி சொல்பவை மிகச் சில: தொடக்கத்தில் ஆங்கிலத்தினாலோ வாசிப்புச் சுமையினாலோ ஏற்படும் சிரமம், அமெரிக்கக் கற்பிக்கும் முறை பழகாமை, தவறான நிலையிலுள்ள பாடத்தில் சேர்க்கப்பட்டது. மதிப்பெண் குறையும், பகுதிநேர வேலைக்கு நேரம் வேண்டும், கட்டணத்துக்குப் பணம் வந்து சேரவில்லை என்பவை இந்தப் பட்டியலில் இல்லை. இந்த வகை அனுமதியிலும் குறைந்தது 6 கிரெடிட் பதிவில் இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்பிவிட வேண்டும், அதே நிலைப் படிப்பில் இரண்டாவது முறை இது கிடைக்காது. ஆகவே முதல் செமஸ்டரிலேயே சிறு தயக்கத்துக்கு இதைச் செலவழித்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

உடல்நலமோ மனநலமோ பாதிக்கப்பட்டால் கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. உரிமம் பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ எழுதிக் கொடுத்தால் 6-க்குக் கீழும் போகலாம், ஒரு கிரெடிட்கூட இல்லாமலும் இருக்கலாம். ஒரு நிலைப் படிப்பில் மொத்தம் 12 மாதம் வரை இதற்கு இடமுண்டு. இந்த வழி இருப்பது தெரியாமல், மனச்சோர்வை வீட்டிலும் சொல்லாமல் அங்கேயும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒளிக்க வேண்டியதில்லை, கேட்டால் விதியே இடம் கொடுக்கிறது என்று நீங்கள் சொல்வது, ஒரு டி.எஸ்.ஓ. சொல்வதைவிட அவர் காதில் நன்றாக ஏறும்.

கடைசிச் செமஸ்டரில் இந்த எண் தளர்கிறது. பட்டத்துக்கு இன்னும் 3 கிரெடிட்தான் பாக்கி என்றால் அதை மட்டும் எடுத்தால் போதும். அதற்கும் டி.எஸ்.ஓ.விடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், எஞ்சியிருக்கும் அந்த ஒரே பாடம் முழுக்க இணையவழிப் பாடமாக இருக்கக் கூடாது. மற்றச் செமஸ்டர்களிலும் இணையவழிப் பாடத்துக்கு வரம்பு இருக்கிறது. முழுச் சுமையைக் கணக்கிடும்போது ஒரு பாடம் அல்லது 3 கிரெடிட்தான் இணையவழியாக எண்ணப்படும். தம்பியின் மூன்று பாடங்களில் இரண்டு இணையவழி என்றால் பக்கத்தில் 9 என்று காட்டினாலும் விசாக் கணக்கில் அது 6 தான். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதால் அநேகமாக இந்தச் சிக்கல் அவருக்கு இருக்காது. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோடை விடுமுறையில் பதிவு செய்ய வேண்டியதில்லை, அடுத்த செமஸ்டருக்குத் திரும்பும் எண்ணத்தோடு ஊருக்கு வந்து போகலாம். படிப்பே கோடையில்தான் தொடங்குகிறது என்றால் மட்டும் அந்தக் கோடைக்கும் முழுச் சுமை வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்கள் தை மாதத்தில் நிறைய வருகின்றன, அங்கே வசந்தகாலச் செமஸ்டர் ஜனவரியில் தொடங்கிவிடும். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம் என்று பிள்ளையை வரவழைத்தால் வகுப்பு தொடங்கும் தேதிக்கு முன் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான்கு நாள் கூட இருந்துவிட்டுப் போகட்டும் என்ற பாசம் அங்கே பதிவுச் சிக்கலாக முடியும்.

இதுவரை சொன்னது விசாவுக்கு வேண்டிய குறைந்தபட்சம். பட்டம் குறித்த காலத்தில் முடிவதற்கு வேண்டிய எண் வேறு, இதைப் பிள்ளைகளும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 30 கிரெடிட் கொண்ட எம்.எஸ். என்றால் 9, 9, 9, 3 என்று நான்கு செமஸ்டரில் முடியும். நடுவில் அனுமதியோடு ஒரு பாடம் போனாலும் 9, 6, 9, 6 என்று அதே நான்கில் முடித்துவிடலாம். 36 கிரெடிட் கொண்ட படிப்பில் நான்கு முறையும் 9 எடுத்தால்தான் கணக்கு நேராகும். ஒரு பாடம் தவறினாலும் ஐந்தாவது செமஸ்டர் வந்துவிடும். கட்டாயப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படும் என்றால் 30 கிரெடிட் படிப்பிலும் இதே நிலைதான். ஐந்தாவது செமஸ்டர் என்றால், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தில் இருக்கும் முடிவுத் தேதியை நீட்டிக்க வேண்டும். அந்தத் தேதி கடப்பதற்கு முன்பே, கல்வி அல்லது மருத்துவக் காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் குறைந்து எச்சரிக்கையில் இருந்தேன் என்பது அதற்குக் காரணமாக ஏற்கப்படாது. நம் வங்கிகளின் கல்விக் கடனில் வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு செமஸ்டர் நீண்டால் கட்டணம் ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம். வருட முடிவில் நம் வீடுகளில் ஐந்தொகை எடுத்துப் பார்ப்பதைப் போல, ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எடுத்தது எத்தனை, பட்டத்துக்குச் சேர்ந்தது எத்தனை, பாக்கி எத்தனை என்று தம்பி எழுதி உங்களுக்கு அனுப்பட்டும்.

இளநிலைக்கு அனுப்பும் எண்ணமுள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரியது. அங்கே இளநிலைப் பட்டம் வழக்கமாக 120 கிரெடிட். குறைந்தபட்சமான 12 மட்டும் எடுத்தால் எட்டுச் செமஸ்டரில் 96 தான் சேரும்; பட்டத்துக்குப் பத்துச் செமஸ்டர், அதாவது ஐந்தாண்டு ஆகும். நான்காண்டில் முடிக்கச் செமஸ்டருக்கு 15 வேண்டும். 12-க்கு மேல் 18 வரை ஒரே கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு, அப்படிப்பட்ட இடத்தில் 12-உடன் நின்றுகொள்வது கட்டிய பணத்தை விட்டுவிடுவதாகும்.

மற்ற நாடுகளைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட், ஓராண்டில் முடிவது. ஆனால் அவர்களுடைய ஒரு கிரெடிட் 10 மணி நேர உழைப்பு, ஆகவே அந்த எண்ணை அமெரிக்க எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது. அங்கே பாடங்களைக் கூட்டிக் குறைக்கும் வாய்ப்பும் குறைவு. ஜெர்மனியில் செமஸ்டருக்கு 30 ஐரோப்பியக் கிரெடிட் என்பது முழுச் சுமை. ஆஸ்திரேலியாவில் சேர்க்கை உறுதிச் சான்றில் எழுதிய காலத்துக்குள் படிப்பை முடிக்கும் வேகத்தில் செல்கிறாரா என்பதைப் பார்ப்பார்கள். கனடாவில் முழுநேரம் என்பதைக் கல்வி நிறுவனம் வரையறுக்கிறது. அங்கே படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை அனுமதி, கடைசிச் செமஸ்டர் தவிர மற்றெல்லாச் செமஸ்டரிலும் முழுநேரமாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்பதால், ஒரு செமஸ்டரில் பாடம் குறைத்ததன் விளைவு பட்டம் வாங்கிய பிறகு வந்து நிற்கும்.

தம்பியிடம் இந்த வாரமே கேட்க வேண்டியவை இவை. பதிவுப் பக்கத்தில் மொத்தம் 9 என்று காட்டுகிறதா, அதில் இணையவழிப் பாடம் எத்தனை, பாடத்தை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி எது. அந்தத் தேதிக்குள் கடினமான பாடத்தை விட்டு, அதே நாளில் வேறொரு பாடத்தைச் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை 9 ஆகவே நிற்கும். யாருடைய தனி அனுமதியும் வேண்டியதில்லை, மதிப்பெண் பட்டியலிலும் தடம் இருக்காது. முதலில் புதிய பாடத்தைச் சேர்த்துவிட்டு அதன் பிறகு பழையதை விட வேண்டும். வரிசை மாறினால், புதிய பாடத்தில் இடம் இல்லை என்று வந்து 6-இல் நின்றுவிட நேரிடும். தேதி கடந்துவிட்டிருந்தால் எதையும் அழுத்தாமல் டி.எஸ்.ஓ.வுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வந்த பிறகு முடிவு செய்யட்டும். பதிவாளர் அலுவலகத்திலிருந்து முழுநேரப் பதிவுச் சான்றிதழ் ஒன்றை இறக்கி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த தவணைக் கட்டணத்தை அனுப்ப வங்கியில் கேட்கும்போது அது கையில் இருந்தால் உங்களுக்கு இரண்டு நடை மிச்சம்.